அழுத பிள்ளைக்குத்தான் தொழுகை

— முடியாதுன்னா முடியாதுதான் தாயி. ஒன் முதுகுல இன்னிக்கு நான் ஊசி போட மாட்டேன்.

— டாக்டரம்மா ஒம்பது மாசமா என்ன சொல்லிட்டு வந்தாங்க டாக்டரே? இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போகும், நீ பாட்டுக்கு முழிச்சுட்டுப் படுத்திருக்கலாம், பிள்ளை சத்தத்தைக் கேக்கலாம்னு சொன்னாங்க. அதை நம்பித்தானே வந்தேன்?

— அது போன மாசத்து ரத்தம். காலையில எடுத்ததுல, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு அறுபதாயிரம்தான் இருக்கு. குத்துன இடத்துல உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா ரெண்டு காலும் போயிடும். பிள்ளையைத் தூக்கிட்டு நடக்க வேணாமா நீ? முழு மயக்கம்தான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும்.

— சொல்லிட்டீங்க.

— என்ன சொன்னேன்?

— ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.’ எப்பவும் ரெண்டு தடவையா சொல்லுவீங்க?

— வாய்ப்பழக்கம். என் பொண்டாட்டி எனக்கு வெச்சிருக்கிற பேரே டாக்டர் ஒண்ணுமில்லதான். அதை விடு. ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடலையே? உங்க இஸ்பத் அல்-புர்ஜ் மீன்கார ஊர் ஆளுங்களை நம்ப முடியாது. ஆபரேஷனுக்கு வர்றப்பகூட மடியில உப்பு மீனைக் கட்டிட்டு வருவீங்க.

— பச்சைத் தண்ணி பல்லுல படல. பேச்சை மாத்தாதீங்க. முழு மயக்கத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

— இன்ஷிராஹ், கேளு. போன தடவை கிழிச்ச தழும்பு காகிதமா இளைச்சுக் கெடக்கு. வலி எடுத்துச்சுன்னா கர்ப்பப்பை பிஞ்சுரும். பிள்ளையும் போகும், நீயும் போவ. டாக்டரம்மா கை கழுவிட்டு ஆபரேஷனுக்குத் தயாரா நிக்கிறாங்க. ஒன் புருஷன் எங்க? நான் அவர்கிட்ட பேசிக்கறேன்.

— கடல்ல இருக்காரு. படகு லிபியாப் பக்கம் போயிருக்கு, வர பத்து நாள் ஆகும். வெளிய மாமியார் உக்காந்திருக்கு. அதுகிட்ட பேசுங்க, அது உங்களுக்கே மயக்கம் வர வெச்சுரும்.

— சரி, நீயே சொல்லு. ஏன் வேணாம்? எந்திரிக்காமப் போயிடுவோம்னு பயமா?

— அந்தப் பயம் எனக்கு இல்ல.

— பின்ன?

— போன தடவையும் முழு மயக்கம்தான் டாக்டரே. நாலு வருஷம் ஆச்சு. ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு கிளினிக்கு. நான் தூங்கிட்டேன்னு நெனைச்சுக் கிழிச்சாங்க. நான் தூங்கல.

— மயக்க மருந்துல கனவு வரும். நெறையப் பேர் சொல்லுவாங்க.

— அவங்களும் அதையேதான் சொன்னாங்க. என் புருஷன் மஆதியும் அதையேதான் சொன்னாரு. கனவுல வலிக்குமா? கண்ணை ஒட்டி வெச்சிருந்தாங்க. விரல் அசையல, நாக்கு அசையல. மூச்சுகூட என்னோடது இல்ல, மெஷின் இழுத்து விட்டுச்சு. கத்தி எங்க வெச்சாங்க, எங்க வரைக்கும் இழுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். தினமும் நூறு மீன் வயித்தைக் கீறுறவ நான். எவ்வளவு ஆழம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? கத்தத்தான் பாத்தேன். உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன். மேல ரெண்டு பேர் பந்தாட்டத்துல அல்-அஹ்லி டீம் தோத்ததைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. மூணாவது ஆளு போன்ல யார்கிட்டயோ, ‘ரெண்டு மணிக்குள்ள ஃபராஸ்கூர் கிளினிக்குக்கு வந்துருவேன், அவளை மேஜையில ஏத்தி வைங்க’ன்னு சொன்னாரு.

— யார் வேணா பேசியிருக்கலாம். மயக்க டாக்டர்னா இங்க எல்லாரும் பையைத் தூக்கிட்டு நாலு கிளினிக்கு ஓடுறவங்கதான். நானும் ஒரு நாளைக்கு ஏழு பேரைத் தூங்க வைக்கறேன். ஆனா உள்ள போனைக் கொண்டு போறதில்ல.

— எப்போ இருந்து?

— நாலு… ரொம்ப நாளா.

— ம்.

— பாரு, உனக்கு அப்படி நடந்திருந்தா அது பெரிய கொடுமைதான். இல்லன்னு சொல்லல. ஏன்னு சொல்றேன், கேட்டுக்கோ. பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் அம்மாவுக்கு வலி மருந்து குடுக்க மாட்டோம். குடுத்தா அது பிள்ளைக்கும் போயிடும், பிள்ளை மூச்சு விடாது. அதனால கொஞ்சமாத் தூங்க வெச்சு, அசையாம இருக்கறதுக்கு ஒரு மருந்து போட்டுட்டு, மயக்க காஸ்ல ஓட்டுவோம். தொப்புள்கொடியை வெட்டினதுக்கு அப்புறம்தான் அம்மாவை நல்லா ஆழத்துக்கு எறக்குவோம்.

— அந்தப் பத்து நிமிஷம் அம்மா?

— காஸ் இருக்கும்ல.

— காஸை யாராச்சும் தொறக்க மறந்துட்டா?

— …

— கேக்குறேன்ல டாக்டரே. போன் பேசிட்டே வந்து, அந்த காஸ் திருகைத் திருப்ப மறந்துட்டா?

— அப்ப அசைய முடியாது. ஆனா எல்லாம் தெரியும்.

— அவ்வளவுதான். நாலு வருஷமா இந்த ஒத்தை வார்த்தையைச் சொல்றதுக்கு ஒருத்தனும் வரல.

— சரி. ஒன் பயம் புரியுது. இன்னிக்கு அப்படி நடக்காது. நான் அந்தத் திருகை மூணு தடவை பாப்பேன். எடுத்துக் குடுக்கற நர்ஸ் பொண்ணு சுஹைர்கூட சிரிப்பா, கிறுக்கு டாக்டருன்னு. உனக்கு ஒரு துளி தெரியாது. ஒண்ணுமில்ல, ஒண்… நீ ஆழமாத் தூங்குவ.

— நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்குத் தூங்க வேணாம்.

— என்ன?

— முதுகுல ஊசி போட முடியாதுன்னா வேணாம். முழுசாவே போடுங்க. ஆனா அன்னிக்கு மாதிரியே வைங்க. அந்தத் திருகைத் தொறக்காதீங்க.

— பைத்தியமா உனக்கு? முழிச்சுக்கிட்டு வயித்தைக் கிழிக்கச் சொல்றியா?

— பத்து நிமிஷம்தானே? ஒரு தடவை தாங்கினவ இன்னொரு தடவை தாங்குவேன். எனக்குப் பிள்ளை அழற சத்தம் கேக்கணும். என் காதால கேக்கணும்.

— சுஹைர் கேப்பா. டாக்டரம்மா கேப்பாங்க. நான் கேப்பேன்.

— அன்னிக்கும் எல்லாரும் கேட்டீங்க… கேட்டாங்க. என்ன பிரயோஜனம்?

— அன்னிக்கு என்ன ஆச்சு?

— பையன். வெளிய எடுத்தப்போ வயித்துல இருந்து ஒரு பாரத்தைப் பிடுங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு தட்டு. அப்புறம் அழுதான். பூனைக்குட்டி மாதிரி, சின்னதா. மூணு தடவை. ஒண்ணு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு, அப்புறம் இழுத்து ஒண்ணு. அந்த நேரத்துல வலியெல்லாம் எங்கயோ போயிடுச்சு டாக்டரே. சத்தியமாச் சொல்றேன். பத்ர்னு பேர் வெச்சிருந்தோம். உள்ளுக்குள்ள இருந்தே கூப்பிட்டேன், பத்ரு, அழாதடான்னு. அதோட எனக்கு எல்லாம் இருட்டிருச்சு. முழிச்சப்போ சொன்னாங்க, பிள்ளை செத்தே பொறந்துச்சு, அழவே இல்லன்னு.

— இன்ஷிராஹ்…

— மஆதி பள்ளிவாசல் ஷேக்குகிட்ட போனாரு. ஷேக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ‘பிள்ளை அழுதுச்சா?’ அழுதுச்சுன்னா அது உலகத்துக்கு வந்த ஆளு. குளிப்பாட்டணும், பேர் வைக்கணும், செத்தவங்களுக்காக வரிசையா நின்னு தொழற ஜனாஸாத் தொழுகை தொழணும். அழலன்னா எதுவும் இல்ல. துணியில சுத்திப் புதைக்க வேண்டியதுதான். கிளினிக்ல அழலன்னு சீட்டு குடுத்துட்டாங்க. மாமியார் ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போச்சு. கபர்ஸ்தான் சுவரோரமா, உப்பங்காத்து அடிக்கிற பக்கம் வெச்சுட்டு வந்துட்டாங்க. பேர் இல்ல, தொழுகை இல்ல, ஒரு கல்லுகூட இல்ல.

— பெரியவங்க ஏதோ நெனைச்சு…

— அழுதுச்சுன்னு எழுதினா பொறந்த சீட்டு வேணும், செத்த சீட்டு வேணும், பிள்ளையை வைக்கிற சூட்டுப் பெட்டி ஏன் இல்ல, பிள்ளை டாக்டர் ஏன் வரலன்னு ஆளுங்க வந்து கேப்பாங்க. அழலன்னு எழுதினா ஒரு வரியில முடிஞ்சுது. அது எனக்குப் புரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் பானையில தண்ணி ஊத்துனா அவன் அழுகை கேக்குது. வலையைக் கப்பியில இழுக்கறப்ப கேக்குது. மூணு தடவை, அதே மாதிரி விட்டு விட்டு. எம்மா, எனக்காகத் தொழாம விட்டுட்டீங்களேன்னு கேக்குற மாதிரி இருக்கு.

— ஷேக்குகிட்ட நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே?

— போனேன். பாவம், நல்ல மனுஷன். ‘கபர்ல நின்னு இப்பவும் தொழலாம் மகளே, காலம் தடையில்ல. ஆனா மயக்கத்துல இருந்தவ கேட்டதை வெச்சு நான் எப்படித் தொழ வைக்கிறது? முழிச்சிருந்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்’னாரு. முழிச்சிருந்தது நான்தான், அதை யாரு நம்புவா? இன்னொண்ணு இருக்கு டாக்டரே. அது மஆதிகிட்டகூடச் சொல்லல. கத்தி உள்ள இருக்கறப்ப என் கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. யாரோ தொடச்சாங்க. துணியால இல்ல, விரலால. தொடச்சுட்டுக் காதுகிட்ட குனிஞ்சு, ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாங்க. தூங்கறவளுக்கு எவனாவது சமாதானம் சொல்லுவானா?

— இந்த ஊர்ப் பக்கம் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க.

— அப்படியா? எல்லாரும் ரெண்டு தடவையா சொல்லுவாங்க? டாக்டரம்மாகிட்ட நான் எதுக்கு ரிஃபாஅத் டாக்டரைத்தான், உங்களைத்தான் வரச் சொல்லணும்னு அடம் பிடிச்சேன்னு நெனைக்கிறீங்க?

— எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க. எந்தக் கிளினிக்கு, எந்த வருஷம்… ஞாபகம் இல்ல.

— சரி. விடுங்க.

— நேரமாச்சு. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீ கேளு. திருகைத் தொறக்காம இருக்க மாட்டேன், அது நடக்காது. ஆனா வலக்கையை உனக்கு விட்டுத் தர்றேன்.

— கையா?

— அசையவிடாத மருந்து போடறதுக்கு முன்னாடி, வலது மேல்கையில ரத்த அழுத்தம் பாக்கற பட்டையைக் கட்டி இறுக்கிடுவேன். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. உடம்பு பூரா கட்டிப்போட்ட மாதிரி இருந்தாலும் அந்த விரல் அசையும். நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு சொட்டு முழிப்பு வந்தாலும் அமுக்கு. அந்த நிமிஷமே மருந்தை ஏத்திடுவேன்.

— விட மாட்டீங்களே?

— மாட்டேன்.

— போன் வந்தா?

— போன் என் வண்டியில கெடக்கு.

— அப்ப பிள்ளை சத்தம்?

— ஒன் போனைக் குடு. சுஹைர்கிட்ட குடுத்து, கத்தி வெச்சதுல இருந்து ரெக்கார்ட் பண்ணச் சொல்றேன். எவனும் சீட்டு எழுதி மறைக்க முடியாது. போதுமா?

— போதாது. ஆனா சரி. என்னோட மாமியார்கிட்ட சொல்லுங்க, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற மொகாத் கஞ்சியில நெய்யைக் கம்மியாப் போடச் சொல்லி. அது பாட்டுக்கு ஊத்திட்டே இருக்கும்.

— நீ முழிச்சு வந்து நீயே சண்டை போடு.

— டாக்டரே.

— என்ன?

— ‘ஒண்ணுமில்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— சொல்லல. இந்தா, கையைக் குடு.

*

— இன்ஷிராஹ். இன்ஷிராஹ், கண்ணைத் தொற. முடிஞ்சுது.

— அமுக்குனேனா?

— இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நாப்பது நிமிஷமும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பவும் பிடிச்சிருக்கேன், பாரு.

— பிள்ளை… அழுதுச்சா?

— பொண்ணு. மூணே கால் கிலோ. ஒன் மாமியார் மடியில இருக்கா. பாட்டியும் பேத்தியும் போட்டி போட்டுட்டுக் கத்திட்டு இருக்காங்க. முதல்ல இதைக் கேளு. இந்தா, காதுல வை.

— யா அல்லா.

— ம்.

— இவ்வளவு சத்தமா! தொண்டையைப் பாருங்களேன், துறைமுகத்துல ஏலம் விடுறவ மாதிரி. ஒண்ணு… ரெண்டு… மூணு…

— எண்ணாத.

— நாலு. அஞ்சு. நிக்கவே மாட்டேங்குறா டாக்டரே. அவன் மூணோட நின்னுட்டான். இவ நிக்கல.

— போனைக் கீழ வை. நான் ஒண்ணு சொல்லணும்.

— அழறீங்களா நீங்க?

— மஆதி கரைக்கு வந்ததும் எனக்கு ஆள் அனுப்பு. ஷேக்கையும் கபர்ஸ்தானுக்கு வரச் சொல்லு. நான் வர்றேன். வந்து, முழிச்சிருந்தவன் நான்தான்னு சொல்றேன்.

— ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே.

— பொய். எல்லாம் ஞாபகம் இருக்கு. திருகைத் தொறக்காதது நான். ஒன் கண்ணீரைப் பாத்துட்டுப் பதறி, கொடியை வெட்டினதும் மருந்தை அள்ளி ஏத்தினது நான். அந்தச் சீட்டுல அழலன்னு எழுதினப்போ வாயை மூடிட்டு நின்னதும் நான்தான்.

— அப்ப நான் கேட்டது நெசம். மூணு தடவை அழுதான். கனவு இல்ல.

— மூணு இல்லம்மா. நாலு. நாலாவது தடவை அழறதுக்குள்ள நான் உன்னைத் தூங்க வெச்சுட்டேன்.