ஆளுக்குப் பாதி

மேசைமேல் மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. எதிரே டீச்சரம்மா, மடியில் தூங்கும் மகனோடு, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சிறுநீரக நோய்க்கான மருந்து ஆராய்ச்சியில் அந்தப் பையனுக்குக் கொடுத்திருந்தது புது மருந்து. டப்பாவில் பாதி, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிள்ளைக்குக் கொடுத்த வழக்கமான ஸ்டீராய்டு. நர்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது. உடனே அந்தப் பிள்ளையின் அப்பாவான தையற்காரரின் எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ... டெய்லரண்ணனா?... ஆமா, ஆமா, சிறுநீரக வார்டு நர்ஸ்தான்... நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க பொண்ணு மாத்திரையும் நல்லா இருக்கு. டீச்சரம்மா பையன் டப்பாவுல சொகுசா உக்காந்திருக்கு... என்னது, கேக்கலையா? உங்களுக்கு நல்லாவே கேக்குது!

ஆமா... ஆமா... சொல்லிட்டாங்க. வெளியில பெஞ்சுல உக்காந்து பங்கு போட்டீங்களாம். ஒரு நாள் இது, மறுநாள் அது... ஓகோ, ரெண்டுல ஒண்ணாவது காப்பாத்தும்னா? அடடா! எந்த மருந்து குடுத்தா வீக்கம் திரும்பி வராதுன்னு இத்தனை டாக்டருங்க ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கறாங்க. உங்களைக் கேட்டிருக்கலாம். ஊசியில நூல் கோக்கற நேரத்துல முடிச்சிருப்பீங்க!

இல்லண்ணே, கோவமெல்லாம் இல்ல. அசந்துபோய் உக்காந்திருக்கேன்... ஸ்டீராய்டைத் திடீர்னு குறைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?... மறந்துட்டீங்க. ஊருல உள்ளவன் இடுப்பு அளவெல்லாம் மறக்காது, இது மட்டும் மறந்துபோச்சு!

சரி, தினமும் காலையில சிறுநீர்ல அந்தச் சோதனைப் பட்டையை முக்கிப் பாத்தீங்களா?... மஞ்சளாவே இருந்துச்சா? ஒரு நாள்கூடப் பச்சையா மாறலையா?... பச்சைன்னா புரதம் ஒழுகுதுன்னு அர்த்தம், அதான் கேக்கறேன்... ஏண்ணே, பேச்சை மாத்தறீங்க?

போனைப் பாப்பாகிட்ட குடுங்க... பள்ளிக்கூடம் போகலையா? ஏன்?... முகம் வீங்கிக் கண்ணே திறக்க முடியலையா?”

நர்ஸின் குரல் சட்டென்று இறங்கியது.

“கண்ணு, நான்தாம்மா... அப்பா பக்கத்துல இருந்தா இருக்கட்டும். பட்டை என்ன கலரு வந்துச்சு?... பச்சை... எத்தனை நாளா?... நாலு நாளா? நல்லா ஞாபகம் இருக்கா?... ஒட்டி வச்சிருக்கியா! டிராயிங் நோட்டுலயா?... தேதி போட்டு?... அப்பா நாங்க குடுத்த நோட்டுல ‘மஞ்சள்’னு எழுதினாரா?... நாங்க மருந்தை நிறுத்திடுவோம்னு பயமா...”

டீச்சரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“கண்ணு, இங்க உருப்படியா ஆராய்ச்சி பண்ணுற ஆளு நீ ஒருத்திதான். இப்பவே கிளம்பு. டிராயிங் நோட்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கோ. டாக்டர் உனக்காகக் காத்திருப்பாரு... அப்பாவா? அழறாரா? அழட்டும். அவரையும் கூட்டிட்டு வா. கையை மட்டும் விட்டுடாத, வர்ற வழியில வேற யாரோடயாவது பங்கு போட உக்காந்துடப் போறாரு... வச்சிடறேன்.”