ஏழால் வகுபடாத நாற்காலி

"ஹலோ… ஆமா, நான்தான்… சொல்லுங்க அத்தான்… ம்… ம்… என்னது?… இன்னொரு தடவை சொல்லுங்க… அந்த நாட்டு விசா ஆபீசர் உங்களுக்காக எழுந்து நின்னாரா?… ம்… தன்னோட நாற்காலியில உங்களை உக்கார வச்சாரா?… மண்டபத்துல இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்னாங்களா?… தூ!… ஐயோ உங்கள இல்ல, வாயில ஈ போயிடுச்சு."

ஈ ஒன்றும் போகவில்லை. ஓய்வுபெற்ற நூலகர் போனைக் காதிலிருந்து எடுத்து, சட்டை நுனியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அக்கா புருஷன் பேசினாலே போனில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வதாக அவருக்கு இருபது வருஷமாக ஓர் அருவருப்பு. சொந்தக்காரர்கள் அந்த மனிதருக்கு வைத்திருந்த பெயர் 'ஏழால் வகு'. அவர் சொல்வது எதுவானாலும் ஏழால் வகுத்துக்கொண்டால் நிஜம் கிடைத்துவிடும். சுழல் நாற்காலி பழுது பார்ப்பது அவர் தொழிலாக இருந்தது. தான் சரி செய்த நாற்காலியில் உட்கார்ந்த ஏழு பேர் மந்திரி ஆனார்கள் என்பார். வகுத்தால் ஒருவர். அவரும் மந்திரி இல்லை, பல் டாக்டர்.

மகளுக்குப் பிரசவம் என்று நூலகரின் மனைவி வெளிநாடு கிளம்பியபோது, அக்காவும் அத்தானும் துணைக்குப் போனார்கள். நூலகர் போகவில்லை. ஜன்னலைத் திறக்க முடியாத வண்டி எதிலும் அவர் ஏறுவதில்லை.

"அத்தான், ஊர் திரும்பணும்னு உங்களுக்கு அரிப்பெடுத்து ஒரு மாசமாச்சு, எனக்குத் தெரியாதா? முதல்ல நெஞ்சு வலின்னீங்க… ஆமா ஆமா, டாக்டர் பாத்துட்டு வாயுன்னாரு… அப்புறம் புயல் ஊரையே தூக்கிட்டுப் போகப் போகுதுன்னீங்க… துணி காயப்போட்ட கயிறு அறுந்துச்சு, அவ்வளவுதான்… இப்போ விசாவா? சீச்சீ! பொய் சொல்றதுலயாவது ஒரு சுத்தம் வேணாமா?… என்ன செய்யணும்?… டிக்கெட்டை மாத்தணுமா? மூணு பேருக்குமா? நாளைக்கேவா?… ஆகஸ்ட் பத்துக்கு நான் போட்டு வச்சிருக்கேன் அத்தான். இன்னைக்கு ஏப்ரல் முப்பது. டிக்கெட் என் பேர்ல இருக்கு, பாஸ்வேர்டு என் மண்டையில இருக்கு, ரெண்டும் அசையாது."

அவர் பார்வை சமையலறைப் பக்கம் போனது. தானே கிண்டிய ஏதோ ஒன்று மூன்று நாளாகப் பாத்திரத்தை விட்டு வெளியேற மறுத்து ஊறிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேளுங்க, விசாவுல 'செல்லுபடி ஆகஸ்ட் இருபது வரை'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ரெண்டு கண்ணாடி போட்டுப் படிச்சவன் நான்… செல்லுபடின்னா என்ன அர்த்தமா? அது வரைக்கும் தங்கலாம்னு அர்த்தம்!… வேற என்ன?… அந்தத் தேதிக்குள்ள போய் இறங்கணும்கறதுக்கா?… உள்ள நுழையறதுக்கு மட்டும்தானா அது?… தங்கறதுக்குத் தனிக் கணக்கா?… ஒவ்வொரு தடவைக்கும் அறுபது நாளா?… யார் சொன்னா, உங்களைப் பாத்து எழுந்து நின்னாரே, அவரா?… குமட்டுது அத்தான். நிஜமாவே குமட்டுது. காலையில சாப்பிட்டது வேற நானே சமைச்சது."

"…என்ன? என் தொழிலை வச்சே எனக்குச் சொல்லித் தரப் போறீங்களா? வாங்க, கேப்போம்… ஆமா, உறுப்பினர் அட்டை ஒரு வருஷம் செல்லும்… ஆமா… அட்டை ஒரு வருஷம் செல்லும்னா புத்தகத்தை ஒரு வருஷம் வச்சுக்க முடியுமா? அதெப்படி முடியும்? பதினஞ்சு நாள்தான். அதுக்குத்தான் கடைசிப் பக்கத்துச் சீட்டுல முத்திரை குத்தறோம். எத்தனை பேர்கிட்ட தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்! அட்டை வேற, முத்திரை வே…"

முப்பத்தொரு வருஷம் தன் மேசைக்கு மேலே, தன் கையெழுத்திலேயே தொங்கிய அறிவிப்பு அது. 'அட்டை வேறு, முத்திரை வேறு.' அதைப் படிக்காமல் வந்தவர்களை அவர் என்னவெல்லாம் பேசியிருக்கிறார் என்று யாராவது எழுதியிருந்தால் அதற்கே ஓர் அலமாரி வேண்டும்.

"…இல்ல, இருக்கேன். வைக்காதீங்க. ஃபைலை எடுக்கறேன்."

அந்த வீட்டில் தேடிக் கிடைக்காத காகிதம் கிடையாது. மூன்றாம் தட்டு, நீல ஃபைல். மனைவியின் விசா ஜெராக்ஸ், அக்காவின் விசா ஜெராக்ஸ். அத்தானுடையது மட்டும் இல்லை. பிறந்த வருஷம் தெரிந்துவிடும் என்று மனிதர் கொடுக்கவே இல்லை. பத்து வருஷமாக அவருக்கு அறுபத்திரண்டு வயது.

"ம், எடுத்துட்டேன்… செல்லுபடி, ஆகஸ்ட் இருபது. இருக்கா? இருக்கு… அதுக்குக் கீழயா? பொடி எழுத்து… இருங்க… 'வருகை: பல முறை'… அதுக்கும் கீழ… 'ஒவ்வொரு வருகையிலும் தங்கும் காலம்'… ம்… அப்புறம் 'நாள்'… நடுவுலயா? நடுவுல ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல அத்தான்!… ஓட்டை!"

ஃபைலில் கோக்க அவரே போட்ட துளை. பணி ஓய்வின்போது நூலகத்தில் எல்லோரும் சேர்ந்து பரிசளித்த இரும்புத் துளைப்பான், எண் இருந்த இடத்தை அழகாக, வட்டமாக, ஒரே கடியில் தின்றிருந்தது. இரண்டு தாளையும் சேர்த்து வைத்து அழுத்தியதால் அக்காவின் தாளிலும் அதே இடத்தில் அதே வட்டம். நூலகர் தாளைத் தூக்கிப் பிடித்தார். தங்கும் காலத்துக்கும் நாளுக்கும் நடுவே, துளை வழியாக, அவருடைய கட்டைவிரல் தெரிந்தது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?… நிறுத்துங்க, சகிக்கல… ஓட்டை விழுந்தா அதுக்குள்ள அறுபதுதான் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? நூத்தியெண்பது இருந்திருக்கலாம்… போனை என் வீட்டுக்காரிகிட்ட குடுங்க. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் ஒண்ணு அந்த வீட்டுல இருக்கு, அதுகிட்ட குடுங்க."

"…ஹலோ… நான்தான்… சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அத விடு… ஏம்மா, நீங்க அந்த ஆபீசுக்குப் போனது நிஜமா?… ம்… அங்க பக்கத்து வீட்டம்மாதான் பாஸ்போர்ட்டுல முத்திரை எப்ப குத்தினாங்கன்னு கேட்டாளா… ம்… மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனாரா… அறுபது நாள்னு ஆபீசர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா? அத்தான் சொல்லி இல்ல, உன் காதுல?… சரி… எந்தத் தேதின்னு?… அது அத்தானுக்குத்தான் தெரியுமா. விளங்கிடும்… தாண்டினா என்ன ஆகும்?… அடுத்த தடவை விமான நிலையத்துலயே திருப்பி அனுப்பிடுவாங்களா… எத்தனை வருஷத்துக்கு?… அஞ்சா?…"

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் பேத்தியின் படம் இருந்தது. பிறந்து நாற்பது நாள். கைக்குட்டை அளவுகூட இல்லாத முகம்.

"…அஞ்சு வருஷத்துல அது ஸ்கூலுக்கே போயிடுமே… அழாத. ஏய், அழாதன்னா. நீ அழுதா நான் எப்படி யோசிக்கறது? கேளு. கெடுவுக்குள்ள புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தவங்க மறுபடி எடுக்கலாம். அட்டை ஆகஸ்ட் வரைக்கும் உயிரோட இருக்கு. 'பல முறை'ன்னு போட்டிருக்கு, நானே படிச்சேன், அந்த வரியில ஓட்டை இல்ல. இப்ப வந்துட்டு ஜூலையில மறுபடி போ… உள்ள விடறது அங்க நிக்கறவர் முடிவுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒழுங்கா நாளுக்குள்ள வெளிய வந்தவளுக்கு ஒரு மரியாதை இருக்குமில்ல?… யாரு, நானா?… உன்கூடவா?… அந்த ஜன்னல்… பாக்கலாம்… பாக்கலாம்னா பாக்கலாம்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் சாத்தினார்.

"இன்னொண்ணு… மெதுவாச் சொல்லு, அத்தான் காதுல விழ வேணாம். அந்த நாற்காலி… ம்… ஆபீசர் பேசப் பேச நாற்காலி தானாக் கீழ எறங்கிச்சா… மோவாய் மேசைக்கு அடியில போயிடுச்சா… யாருமே ஒண்ணும் சொல்லாம நின்னீங்களா… இவரு பொறுக்க மாட்டாம உள்ள புகுந்து… அவரை எழுப்பி விட்டு… கவுத்துப் போட்டு… எதால? உன் கொண்டை ஊசியாலயா!… அப்புறம் இவரே உக்காந்து ஆடிப் பாத்தாரா… வேடிக்கை பாக்க மண்டபமே எழுந்துச்சா… கருமம். கருமம். கருமம்… நான் கேட்டேன்னு சொல்லிடாத. போனை அவர்கிட்ட குடு."

"…ம், அத்தான். அறுபது நாள்தான், ஒத்துக்கறேன். ஆனா தேதி நான் சொல்றேன். இறங்கினது மார்ச் மூணு. நாலாந்தேதியிலேருந்து எண்ணினா மார்ச்சுல இருபத்தெட்டு. ஏப்ரல் முப்பது. அம்பத்தெட்டு. மே ஒண்ணு அம்பத்தொம்பது, மே ரெண்டு அறுபது. நாளைக்கு இல்ல, நாளான்னைக்கு! நாளான்னைக்கு நேர் விமானம் இருக்கு, எங்கயும் மாற வேணாம், சௌகரியமா வந்து சேருங்க… என்ன?… மூணாந்தேதியும் சேத்தியா?… பொழுது சாஞ்சு இறங்கினாலும் அது ஒரு நாளா? இது எந்த ஊர் அக்கிரமம்? இப்படி ஒரு கேவலமான கணக்கை எந்தப் படுபாவி… யாரு?… நானா?… எப்போ?… ஓ."

கையிலிருந்த காலண்டர் தாழ்ந்தது.

"…அதுவா."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், நூலகம் சாத்த ஐந்து நிமிஷம் இருக்கும்போது அத்தான் ஒரு புத்தகம் எடுத்துப் போனார். பதினைந்து நாள் என்று மறுநாளிலிருந்து எண்ணிக்கொண்டு திருப்பித் தந்தார். 'எடுத்த நாளும் கணக்குத்தான்' என்று சொல்லி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், சொந்த அக்கா புருஷனின் அட்டையை ஒரு மாதம் முடக்கி வைத்தார் நூலகர். அத்தான் கணக்குப்படி வரிசையில் எழுநூறு பேர். நூறு பேர் நின்றது உண்மைதான்.

"ஞாபகம் இருக்கு… சட்டம் சட்டம்தான்னு சொன்னேன், இருக்கு இருக்கு… ஆமா, அஞ்சு நிமிஷம் ஒரு நாள் ஆச்சு… சரி, அப்போ மே ஒண்ணு. நாளைக்குத்தான்… ஆமா, நீங்க சொன்ன தேதிதான்… ரெண்டுன்னு போட்டிருந்தா ஒரே நாள்ல எல்லாம் போயிருக்கும். தெரியுது. கொஞ்சம் சும்மா இருங்க, கம்ப்யூட்டரைத் திறக்கறேன்."

ஒரு விரலால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் முகம் கசப்பு மருந்து குடித்த மாதிரி ஆனது.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு விமானம். மூணு சீட் இருக்கு. மூணே மூணு. பதினஞ்சு நிமிஷம் நமக்குன்னு பிடிச்சு வச்சிருக்கான், கடிகாரம் பின்னால ஓடுது. பாஸ்போர்ட் நம்பரெல்லாம் மறுபடி கேக்கறான்… அவளுது ஃபைல்ல இருக்கு, போட்டாச்சு… அக்காவுதும் ஆச்சு… உங்களுது சொல்லுங்க… ம்… ம்… நாலு… பூஜ்யம்… ரெண்டு… ம்… ஒம்பது… அப்புறம்?… அத்தான், கடைசி நம்பர்… ஹலோ?… இருக்கீங்களா?… என்ன ஒத்துக்கணும்?… நாற்காலியா?… விளையாடற நேரமா இது! நாலு நிமிஷம் இருக்கு!… அப்படின்னா உங்களை விட்டுட்டு ரெண்டு பேருக்குப் போடறேன்… அக்கா வர மாட்டாளா… அக்கா வரலன்னா இவளும் கிளம்ப மாட்டா… தெரியும், தெரியும், எல்லாம் யோசிச்சு வச்சிருக்கீங்க… பின்னால சிரிக்கறது யாரு, அக்காவா?… ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?… தூ!… இல்ல, இந்தத் தடவை ஈ இல்ல."

திரையில் மூன்று நிமிஷம் பத்து நொடி.

"…சரி. எழுந்து நின்னார்… கேக்கலையா?… ஆபீசர் எழுந்து நின்னார்!… நீங்க அவர் நாற்காலியில உக்காந்தீங்க!… மண்டபமே எழுந்துச்சு! போதுமா? பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க!… நம்பர்… ஏழா?… ஏழேதானா?… இதையும் வகுக்கணுமா வேணாமா?… சரி, ஏழு… போட்டுட்டேன்… சுத்துது… சுத்துது… இருங்க…"

மூன்று பேர் பெயரும் திரையில் வந்தன. போகும்போது விமான நிலையத்தில் அத்தானே கொடுத்திருந்த பிறந்த வருஷமும் கூடவே வந்தது. நூலகர் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"…ஆச்சு. மூணும் ஆச்சு. அவகிட்ட சொல்லுங்க, ஜூலையில மறுபடி போகலாம்னு… ம்… ம்… இன்னும் என்ன?… இல்ல, டிக்கெட்டுக்காகச் சொல்லல… கட்டாயப்படுத்தி வாங்கினது செல்லாதா? நல்லா இருக்கே… ஏழாலயா?… வேணாம் அத்தான். வகுக்க வேணாம். முழுசா நடந்துச்சு… வைங்க போனை."