ஃபியூஸ் இல்லாத மூன்றாவது பெட்டி

பெயர்: ஷார்கடி வெண்டெல். வயது: 58. தொழில்: லிஃப்ட் பழுதுபார்ப்பவர், இருபத்தொன்பது ஆண்டுகளாக. முகவரி: சென்டெஷ் நகரம், ஆலைத் தெரு 14. நகர மாதிரி விமான மன்றத்தின் உறுப்பினர். இறந்த ஃபூசெஷி பர்னாவுக்கு உறவினர் அல்ல, நண்பர். ஜூன் மாதம் சனிக்கிழமை பிற்பகல் 1.40 மணிக்கு, துணை ஆய்வாளர் பெட்ராஷ் கின்கா முன்னிலையில் தானே முன்வந்து கூறியது.

இன்று தீப்பிடித்த, பேட்டரி ஏற்றும் பெட்டி போன்ற இன்னொரு பெட்டி இப்போது வெளியே இருக்கிறது என்பதையும், அது பர்னாவின் தங்கை எமோக்கேயின் காரில் இருக்கிறது என்பதையும் எதற்கும் முன்பாகச் சொன்னேன். அவள் இன்று அதிகாலை நான்கு மணிக்கே டான்யூப் ஆற்றுக்கு மேற்கே உள்ள மாதிரி விமானத் திடலுக்குப் புறப்பட்டுவிட்டாள், நாளை அங்கே போட்டி. அவளுடைய கைபேசிக்குப் பகல் ஒன்றேகால் மணி முதல் அழைக்கிறேன், எடுக்கவில்லை. அதிகாரி அந்த எண்ணைத் தன் மேசைத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் போட்டு ஒலிபெருக்கியை இயக்கிவிட்டு, அந்தப் பகுதி ரோந்து வண்டிக்கும் தகவல் கொடுத்தார். வண்டி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி என்னிடம் கூறினார்.

மன்றத்துக்காக நான் மூன்று பெட்டிகள் செய்தேன். ஒன்று இன்று எரிந்தது, ஒன்று என் வீட்டில் இருக்கிறது, மூன்றாவதுதான் எமோக்கேயிடம் உள்ளது. ராணுவத்தார் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டிகளை வாங்கி, மூடியின் ரப்பரை உரித்து, பின்பக்கம் புகை போக ஓட்டைகள் போட்டு, உள்ளே ஒரு சார்ஜரும் விசிறியும் வைத்து, கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். திடலில் மின்இணைப்பு கிடையாது. ஒரு பெட்டியில் எட்டு இணைப்புகள் உண்டு. எட்டு விமான பேட்டரிகளையும் பக்கம் பக்கமாக மாட்டினால் ஒரே பெரிய பேட்டரி போல எல்லாம் சேர்ந்து ஏறும். ஆனால் மாட்டுகிற எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு காலியாக இருக்க வேண்டும். நிறைந்தவற்றோடு காலியான ஒன்றை மாட்டினால், சார்ஜரைத் தொடுவதற்கு முன்பே நிறைந்தவை எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றுக்குள் கொட்டும், அது தீப்பிடிக்கும். இதைத் தடுக்க ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு ஃபியூஸ் வைத்தேன்.

அதன்பின் மே மாதப் போட்டியில் பெட்டி மூன்று முறை நின்றது. ஆட்கள் அவசரத்தில் அளந்து பார்க்காமல் மாட்டியதால் ஃபியூஸ் போனது, அதாவது ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. மூன்றாவது முறை நான் குனிந்து மாற்றிக்கொண்டிருந்தபோது பர்னா எல்லோர் முன்னாலும், "வெண்டெல் அண்ணே, நீங்க பாக்கற லிஃப்டும் இப்படித்தான் நடு மாடியில நிக்குமா? உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க, பாட்டுப் பாடுவாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன்பின் வந்த வாரத்தில் மூன்று பெட்டிகளிலும் இருந்த இருபத்துநான்கு ஃபியூஸ்களையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் செம்புக் கம்பியைப் பற்றவைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்ததை யாரிடமும் நான் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு வேலையில் ஒரு லிஃப்டிலும் பாதுகாப்பு சுவிட்சுக்குக் குறுக்கே நான் கம்பி போட்டதில்லை.

ஃபியூஸ் இல்லாமலும் ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியதற்குக் காரணம் ரப்பர் வளையம். எங்கள் திடலில் பேட்டரி நிறைந்ததும் அதன்மேல் ஒரு ரப்பர் வளையம் போடுவோம். பறக்கவிடும்போது வளையத்தைக் கழற்றிவிடுவோம். வளையம் இருந்தால் முழு, இல்லாவிட்டால் காலி. பதினைந்து ஆண்டுகளாக இதுதான் வழக்கம் என்பதால் இப்போது யாரும் அளவு மானியை எடுப்பதே இல்லை.

இன்று காலை மேற்குத் திடலைச் சேர்ந்த ஓட்டோ என்பவர் விருந்தினராக வந்தார். எங்களோடு பறக்கவிட்டுவிட்டு மாலையில் எங்களையும் போட்டிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் ஆறு பேட்டரிகளை மேசைமேல் வைத்தார். அவற்றில் வளையம் இல்லை. பெட்டி வைத்திருப்பவரே விருந்தாளிக்கும் ஏற்றிக் கொடுப்பது மரியாதை. மன்றத்தின் பழைய கேரவனுக்குள் பர்னா பெட்டியைத் திறந்து, ஓட்டோவின் ஆறையும் மாட்டி, ஏழாவதாகத் தன் காலி பேட்டரியையும் மாட்டினான். அப்போது மணி 12.20. நான் ஐம்பது மீட்டர் தள்ளி நாற்காலியில் இருந்தேன்.

முதலில் வந்தது வாசனை. நகப்பூச்சு போன்ற இனிப்பான வாசனை. அதன்பின் கேரவன் சன்னலிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பர்னா வெளியே ஓடிவந்தான், அவனுக்குக் காயம் எதுவும் இல்லை. "மாட்டின உடனே சீறுச்சு அண்ணே" என்றான். பிறகு திரும்பிப் பார்த்து, "ஐயோ, எமோக்கேயோட பிளேன் மேல தொங்குது" என்றான். அவள் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்த விமானம் அது. "விட்டுத் தொலைடா, கட்டை போனா போகட்டும்" என்று கத்தினேன். "அவ என்னைக் கொன்னுடுவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சன்னல் வழியாக முதலில் ஓர் இறக்கை வந்தது, பிறகு இன்னொன்று. உடல்பகுதி வரவில்லை. ஓட்டோவும் நானும் கால்களைப் பிடித்து அவனை இழுத்தோம். தீக்காயம் கையில் மட்டும்தான் இருந்தது. அவனைக் கொன்றது புகை என்று ஆம்புலன்ஸ் மருத்துவர் பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் வர பதினேழு நிமிடம் ஆயிற்று. அதுவரை அந்த இரண்டு இறக்கைகளும் புல்லில் கீறல் இல்லாமல் கிடந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஓட்டோ என்னிடம், "என்னோடது ஆறும் முழுசா இருந்துச்சே, எதுக்கு மாட்டினான்?" என்று கேட்டார். வளையம் இல்லையே என்றேன். "எங்க பக்கம் காலியானாதான் வளையம் போடுவோம்" என்றார். எமோக்கே எந்தத் திடலுக்குப் போயிருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவர் தன் மன்றத்து ஆட்களுக்கு அழைத்துப் பார்த்தார். பறக்கவிடும்போது எல்லோரும் கைபேசியைக் காரில் வைத்துவிடுவார்கள், யாரும் எடுக்கவில்லை. அதன்பின் நான் இங்கே வந்தேன்.

இதுவரை சொன்னபோது மணி 2.12. அப்போது எமோக்கேயின் கைபேசியை யாரோ எடுத்தார்கள், மேசையிலிருந்த தொலைபேசியில் ஓர் ஆண் குரல் பேசியது. அதிகாரி பெயரைக் கேட்டார். லோரின்ட்ஸ், மேற்குத் திடல் உறுப்பினர் என்றார். "அந்தப் பொண்ணு கார் முன் சீட்டுல தூங்கறாங்க. விடியறதுக்கு முன்னயே கெளம்பி ஓட்டிட்டு வந்திருக்காங்க பாவம், எழுப்ப மனசு வரல. போன் டிக்கியில பெட்டிக்குப் பக்கத்துல செருகிக் கெடந்துச்சு. இப்பதான் டிக்கியத் தொறந்தேன், நானே அவங்களுதையும் ஏத்தி வெச்சிடலாம்னு" என்றார்.

அதிகாரி தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். எத்தனை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவங்களோடது ஆறு. எல்லாத்துலயும் வளையம் இருந்துச்சு, காலிதான். என்னோடது ஒண்ணு கையில இருக்கு."

"அத மாட்டாதீங்க. கீழ வையுங்க. புல்லுல வையுங்க, காருக்குள்ள வேணாம்."

"என்ன சார், யாரு நீங்க?"

"அந்தப் பெட்டியச் செஞ்சவன். அவளோட ஆறும் முழுசா இருக்கு. கீழ வெச்சுட்டீங்களா?"

புல்லில் காலடி ஓசை கேட்டது. பிறகு, "வெச்சுட்டேன்" என்றார். அதன்பின் நான் ஒவ்வொன்றாக, ஒன்று முதல் ஆறு வரை எண்ணிச் சொல்லச் சொல்ல, அவர் கழற்றினார். ஆறாவதும் கழன்ற பிறகு கார்க் கதவு திறக்கும் ஓசையும், எமோக்கேயின் குரலும் கேட்டன. "என்ன ஆச்சு, என் பயிற்சி ரவுண்டு வந்துடுச்சா?" என்றாள். பிறகு கைபேசியை வாங்கிக்கொண்டு, "யாரு, வெண்டெல் அண்ணனா? பர்னா கெளம்பிட்டானா இல்லியா? என் பெரிய பிளேன மறந்துடாம எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவளிடம் ஒரு நிமிடம் இருக்கும்படி சொன்னேன். அவளுக்குத் தானே சொல்வதாக அதிகாரி கூறினார். வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஆனால் சொன்ன பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியாமல் போகலாம் என்பதால், இந்தத் தாளை முதலில் முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஃபியூஸ்களை நானே எடுத்தேன் என்பது உட்பட எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. அவள் இணைப்பில் காத்திருக்கிறாள்.

(ஒப்பம்) ஷார்கடி வெண்டெல், பிற்பகல் 2.21
என் முன்னிலையில்: பெட்ராஷ் கின்கா, துணை ஆய்வாளர்