உரியவர் நேரில் வந்தால்

புதன்கிழமைகளில் எங்கள் காட்சியகத்துக்கு விடுமுறை. வாசலிலேயே பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் ஆட்கள் புதன்கிழமையாகப் பார்த்துத்தான் வந்து கதவைத் தட்டுவார்கள். அப்படித் தட்டிய ஒருவரைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தேதியே தப்பு. அதனால் நானே எழுதித் தருகிறேன். என் பெயர் சகாதேவன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். ஓய்வு பெற்றதும், மரக்காணத்தில் பாழடைந்து கிடந்த உப்புக் கிடங்கைக் கேட்டு வாங்கி, மூன்று அறைகளில் ஊர் வரலாற்றுக் காட்சியகம் வைத்தேன். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயல்விளக்கம். நல்ல தண்ணீரில் போட்ட முட்டை மூழ்கும், உப்பளத்துத் தண்ணீரில் போட்ட முட்டை மிதக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மாதம் ஒருமுறை 'அளத்தில் ஒரு நாள்' என்று உப்பளத்துக்கே கூட்டிப் போவேன். இவ்வளவு செய்தும் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் நிரம்ப மூன்று மாதம் ஆகும். ஊருக்கு அதன் அருமை தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு தெரிந்தது. மூன்றாவது அறையைக் காலி செய்து, கடல் கொண்டுபோனவர்களின் பொருட்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்தேன். கூனிமேடு வரைக்கும் சைக்கிளிலேயே போனேன். லூர்துமேரி தன் கணவர் மரியதாஸின் உப்பு வாரும் பலகையைக் கொண்டுவந்தாள்.

இந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீண்ட கழி, அதன் முனையில் குறுக்கே ஒரு கட்டை. பாத்தியில் விளைந்த உப்பைக் கரைக்கு இழுப்பதற்கு. ஆளின் உயரத்துக்குத் தக்கபடி கழியை வெட்டுவதால் ஒருவர் பலகையை இன்னொருவர் தொடுவதில்லை. வெடித்த உள்ளங்கையில் உப்பு எரியாமலிருக்கக் கைப்பிடியில் பழந்துணி சுற்றுவார்கள். அந்தச் சுற்றும் முடிச்சும் ஆளுக்கு ஆள் வேறு. மழைக்கு அளம் மூடும்போது துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, தை மாதம் திரும்ப இறங்கும்போது புதிதாகச் சுற்றுவார்கள். மரியதாஸ் போனது டிசம்பரில். அதனால் பலகை வெறும் கழியோடு வந்தது.

"குடுக்கலீங்க சார், வச்சிருங்கன்னு தர்றேன்," என்றாள் லூர்துமேரி. "அவரு வந்து கேட்டா குடுத்துடணும்."

உடல் கிடைக்காத வீடுகளில் இப்படித்தான் பேசுவார்கள். நானும் அவள் மனம் நோகாமல், 'உரியவர் நேரில் வந்து கேட்டால் திருப்பித் தரப்படும்' என்று ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பலகைக்குக் கீழே வைக்க அட்டை எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போனவர், விளையாடிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளைத் தூக்கி மேட்டில் ஏற்றிவிட்டு அலையோடு போனார், உடல் கிடைக்கவில்லை. லூர்துமேரி என்னிடம் சொன்னது, "புள்ளைங்க பக்கத்துல நின்னுட்டிருந்தாருன்னு சொன்னாங்க" என்பது மட்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றவர் அவர்களைத் தூக்காமலா இருந்திருப்பார்? ஆதாரம் கொஞ்சம் குறையும் இடத்தில் நிதானமாக ஊகிப்பதும் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

ஒவ்வொரு மாதமும் இருபத்தாறாம் தேதி நினைவுக் கூடல் நடத்தினேன். லூர்துமேரி பலகைக்கு எதிரே, அறை வாசலில் நின்று பேசுவாள். முதலில் தயங்கியவள் போகப்போக அட்டையில் இருப்பதையே சொல்லப் பழகினாள். புதுச்சேரியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து அழுதுவிட்டுப் போனார்கள். மரியதாஸின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினேன். ஆகஸ்டுக்குள் இரண்டு பதிவேடு நிரம்பிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கில்லை.

செப்டம்பர் இருபத்தெட்டு, புதன்கிழமை. பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தலை மழித்த ஒருவர், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நின்றார்.

"ஏங்க, என் படத்த எதுக்குங்க வெளிய மாட்டி வச்சிருக்கீங்க?"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அலை அவரைக் கழுவெளி ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. யாரோ லாரியில் ஏற்றி எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லத் தெரியாததால் அங்கிருந்து ஒரு காப்பகம். ஊர்ப் பெயர் ஞாபகம் வந்த மறுநாளே கிளம்பிவிட்டாராம். குடிசை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று வந்த வழியே திரும்பியபோதுதான் படத்தைப் பார்த்திருக்கிறார்.

அவரை மூன்றாவது அறைக்கு அழைத்துப் போனேன். படிக்கத் தெரியாது என்றார். அட்டையை நானே படித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டார்.

"புள்ளைங்கள நான் தூக்கலீங்க," என்றார். "தண்ணிய பாத்ததும் ஓடிட்டேன். அதுல ஒண்ணு என் காலப் புடிச்சுது. உதறிட்டேங்க. மேரிகிட்ட இத சொல்லிடணும். இல்லன்னா தூக்கமே வராது."

சொல்லிவிட்டு ஆணியிலிருந்து பலகையை எடுத்தார். தொடக்கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பேசிக்கொண்டே தன் தோள் துண்டில் ஓரமாகக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். அது தை மாதமும் இல்லை. கை சும்மா இராத மனிதர்.

யோசித்துப் பாருங்கள். ஒன்பது மாதமாக அந்தப் பெண் ஒரு நல்ல மனிதனுக்காக அழுதிருக்கிறாள். இவர் போய்ச் சொன்னால் அவள் யாருக்காக அழுதாள் என்றாகும்? டிசம்பரில் முதலாண்டு நினைவு நாளுக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. நான் அவளைத்தான் நினைத்தேன். அழைப்பிதழ் பிறகுதான்.

லூர்துமேரி அளத்துக்கு அந்தப் பக்கம் தற்காலிகக் கொட்டகையில் இருக்கிறாள், குறுக்கே போய்விடலாம் என்றேன். பலகையை நான் தூக்கி வருகிறேன் என்றதும் தயங்கினார். கால் முடியாததால் கொடுத்தார். அளத்தில் பத்து மணிக்கு மேல் ஆள் நிற்காது. உப்பு வெள்ளையில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தும் என்று விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். வரப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் முன்னால் நடந்தார். மேரி இளைத்துவிட்டாளா, இன்னும் இருமுகிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

வழியில் கரை சரிந்த பழைய உப்புத்தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. மறுநாள் அதைச் சேறு கொட்டித் தூர்க்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நின்று எட்டிப் பார்த்தார். பலகை என் கையில் இருந்தது. இரண்டு முறை அடித்தேன்.

ஒரு விஷயத்தில் எனக்கே என்மேல் வருத்தம். ஆயிரம் பிள்ளைகளுக்கு முட்டையை மிதக்கவிட்டுக் காட்டியவன், அந்தத் தண்ணீரில் ஆளும் மிதப்பார் என்பதை மறந்துவிட்டேன். வரப்பில் கிடந்த எல்லைக்கல்லை அவர் துண்டாலேயே அவரோடு கட்டி இறக்க வேண்டியதாயிற்று. இந்த வயதில் அது லேசான வேலை இல்லை.

பலகையைக் கழுவி ஆணியில் மாட்டினேன். கைப்பிடித் துணியை அவிழ்த்திருக்கலாம். காட்சிப் பொருளில் உரியவர் கைபட்ட எதையும் நீக்கக் கூடாது என்பது என் விதி. அவிழ்க்கவில்லை.

டிசம்பர் இருபத்தாறு அன்று அறை கொள்ளாத கூட்டம். லூர்துமேரியிடம் மைக்கைக் கொடுத்தேன். பேச வாயெடுத்தவள் பலகையைப் பார்த்தாள். மூன்று மாதம் வந்து போனவள்தான், ஆனால் அன்றைக்குத்தான் மாலை போடுவதற்காகக் கிட்டே போனாள். முடிச்சின்மேல் விரலை வைத்தாள். மைக் கையில் இருந்ததால் அவள் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"சார், அவரு எப்ப வந்தாரு?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம் என்று நீங்கள் நேற்றே சொன்னீர்கள். காட்சிப் பொருளைப் பற்றிக் கேட்டால் நான் பொய் சொன்னதில்லை. செப்டம்பர் இருபத்தெட்டு, புதன்கிழமை என்றேன்.

நேற்று கிணற்றைத் தோண்டி அவரை எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அப்படியானால் அட்டையில் 'உடல் கிடைக்கவில்லை' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

லூர்துமேரி ஸ்டேஷன் வாசலில் ரசீதோடு உட்கார்ந்து பலகையைத் திருப்பிக் கேட்பதாக ரைட்டர் சொன்னார். அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். உரியவர் நேரில் வந்து கேட்டால்தான் கொடுக்க முடியும்.