வியாழக்கிழமைச் சாவு

முன்னொரு காலம். எவ்வளவு முன் என்று கேட்டால், கரந்தைவயலுக்குத் தார்ச்சாலை வராத காலம். ஓடைக்குப் பாலம் இல்லாத காலம். வண்டி வந்தால் சக்கரம் தண்ணீரில் நனைந்துதான் ஊருக்குள் வரும். அந்தக் காலத்தில் அந்த ஊரில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாளாம். மொச்சைப் பயறு விற்கிறவள். அவள் புருஷன் இலங்கைக்கு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. இருக்கிறானா செத்தானா என்று தெரியாது. அதனால் அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, தலையில் பூ வைக்கவும் இல்லை. ஒரே மகள், வேலாயி. அவளை இரண்டு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

அந்த ஊருக்கு ஒரு சந்தை இருந்தது. வியாழக்கிழமைச் சந்தை. சந்தை இருந்ததால் செக்கு ஆடியது, சூளை புகைந்தது, பட்டறையில் இரும்பு சிவந்தது. பிறகு அந்தச் சந்தை போய்விட்டது. எதனால் போனது? சாவால் போனது என்பார்கள்.

ஊரில் ஓர் உயிர் போனால் அடுப்பு மூட்டக் கூடாது, கடை விரிக்கக் கூடாது, பிணம் எடுக்கிறவரை கொடுக்கல் வாங்கல் கிடையாது. அது பழைய கட்டு. அந்த வருஷம் பேதி வந்தது. வியாழக்கிழமை தவறாமல் யாராவது போனார்கள். வெளியூர் வண்டிகள் ஓடையைத் தாண்டி வந்து பார்க்கும். கதவெல்லாம் சாத்திக் கிடக்கும். ஒப்பாரி மட்டும் கேட்கும். வண்டி திரும்பிப் போகும். அப்படித் திரும்பிய வண்டிகள் ஆலங்கோட்டைச் சந்தைக்குப் போயின. போனவை போனவைதான்.

வண்டி வரவில்லை, செக்கு நின்றது. செக்கு நின்றது, சூளை நின்றது. எல்லாம் நின்றதும் கண்டிக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்தான். ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டு இல்லாதவர்கள் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார்கள்.

ஊர்க்கூட்டத்தில் மூக்காயி எழுந்து நின்றாளாம். ஊருக்குத் தலைவர் சேவுகன் அம்பலம்.

"அம்பலத்தாரே, நாமளே சந்தை கூடுவோம்."

"எதை வச்சுக் கூடுறது?"

"இருக்கிறதை வச்சு."

"வாங்குறதுக்கு ஆளு?"

"நாமதான்."

சிரித்தார்கள். ஆனாலும் கூடினார்கள். இவள் மொச்சையை அவள் வாங்கினாள், அவள் முட்டையை இவள் வாங்கினாள். ஒரு பூசணிக்காய் காலையில் அம்பலம் வீட்டிலிருந்து சந்தைக்குப் போய், பல கை மாறி, சாயந்தரம் அம்பலம் வீட்டுக்கே வந்து சேர்ந்ததாம். அம்பலத்தின் பெண்சாதி அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம காய்தானே இது? ஊரைச் சுத்துனதுல இளைச்சுல்ல போச்சு!" என்றாளாம்.

வாங்கியதையே விற்று, விற்றதையே வாங்கி, வாராவாரம் கூடினார்கள். வழியில் போகிறவன் எட்டிப் பார்த்தால் கூட்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தது. உப்புக்காரன் ஒருவன் வந்தான். சட்டி விற்கிறவன் வந்தான். ஆனால் பெரிய வண்டிகள் வரவில்லை. பெரிய வண்டிகளுக்கு முன்வண்டி தவசிக்கண்ணுவுடையது. கருப்பட்டி வியாபாரி. அவன் மாட்டை எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம்தான் மற்ற மாடுகளும் திரும்பும்.

அம்பலமும் மூக்காயியும் ஆலங்கோட்டைக்கு நடந்து போய் அவனைப் பார்த்தார்கள்.

"உங்க ஊருக்கா?" என்றானாம் தவசிக்கண்ணு. "போன ஆவணியில வந்தேன். எவனோ செத்துட்டான்னு ஊரே கதவடைச்சிருச்சு. மழை பிடிச்சுக்கிருச்சு. ஒதுங்க ஒரு வாசல் இல்லை. என் கருப்பட்டி கரைஞ்சு சக்கரம் வழியா ஓடுச்சு. எறும்புதான் மொத்தமா வாங்குச்சு."

"இனிமே வியாழக்கிழமை எங்க ஊர்ல எவரும் சாக மாட்டாக" என்றாள் மூக்காயி.

"எமன்கிட்ட சொல்லிட்டியாக்கும்?"

"செத்தாலும் உங்க வண்டி திரும்பி ஓடையைத் தாண்டுற வரைக்கும் உங்க காதுல விழாது. விழுந்தா அன்னைக்கே மாட்டைத் திருப்பிக்கிருங்க. அப்புறம் நாங்க கூப்பிட மாட்டோம்."

அவன் ஒத்துக்கொண்டான். இவர்கள் ஊருக்கு வந்து, அய்யனார் கோயில் வாசலில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். வியாழக்கிழமை யார் வீட்டில் உயிர் போனாலும் கடைசி வண்டி போகிறவரை அழுகைச் சத்தம் எழக் கூடாது. அந்த வீட்டுக்காரரும் சந்தைக்கு வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் கேள்வி வரும். கட்டையன் என்ற கிழவர் மட்டும் சூடத்தைத் தொட்டுவிட்டுக் கேட்டாராம், "அப்ப நான் புதன்கிழமையே கிளம்பிரணுமா மூக்காயி?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குங்க மாமா" என்றாள்.

அவர் தாங்கவில்லை. தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வண்டிகள் வந்து இறங்குகிற நேரத்தில் போய்விட்டார். அவர் பெண்சாதி பொன்னி வாயைத் திறக்கிறதற்குள் மூக்காயி ஓடிப் போய் வாசற்படியில் நின்றாளாம்.

"அத்தே, வேண்டாம்."

"பாவி, அவரு கூட எத்தனை வருசம் இருந்தவடி நானு."

"சாயந்தரம் அழுவோம். நானும் வந்து அழுறேன். இப்ப முட்டைக்கூடையைத் தூக்குங்க."

பொன்னி முட்டைக்கூடையைத் தூக்கினாள். சந்தையில் உட்கார்ந்தாள். விற்றாள். சாயந்தரம் வண்டி போனபின் ஊரே சேர்ந்து அழுதது. சந்தை நிலைத்தது. வண்டிகள் வந்தன. செக்கு ஆடியது. சூளை புகைந்தது. கயிறு கட்டிய கதவுகளில் இரண்டொன்று திறந்தன. கங்காணி வந்து பார்த்துவிட்டு ஆள் கிடைக்காமல் போனான்.

இப்படி இருக்கையில் வேலாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். புதன்கிழமை வலி கண்டது. வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குப் பின்னால் ரத்தம் நிற்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலாயி அடங்கிவிட்டாள்.

அம்பலம் வந்து வாசலில் நின்றாராம்.

"தாயி, இன்னைக்குச் சந்தையைக் கலைச்சிருவோம். உனக்காக ஒரு நாள். தவசிக்கண்ணு கேட்டா நான் காலுல விழுறேன்."

"பொன்னி அத்தைக்காக யாரு கலைச்சீக?" என்றாளாம்.

மூக்காயி மருத்துவச்சியிடம் பிள்ளையைக் கொடுத்தாள். மகளின் கண்ணை மூடினாள். மொச்சைக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை என்பார்கள். துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. சாக்கை விரித்தாள், குவித்தாள், படியை எடுத்து அளந்தாள். ஊர்க்காரர்கள் யாரும் அவளிடம் பேரம் பேசவில்லை. பக்கத்துச் சாக்கில் பொன்னி முட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பிள்ளை அழுதது. பால் இல்லாத பிள்ளை. தெரு தாண்டிச் சந்தைவரை கேட்டது.

தவசிக்கண்ணு கையை நிறுத்தினான். "என்ன அழுகை அது?"

சந்தை அப்படியே நின்றது. ஊர்க்காரர் எல்லாரும் மூக்காயியைப் பார்த்தார்கள்.

"பச்சைப்பிள்ளை" என்றாள். "என் மக பெத்திருக்கா."

"அட, நல்ல ஆளும்மா நீ! சொல்லாம உக்காந்திருக்க? என்ன பிள்ளை?"

"பொட்டப்பிள்ளை."

"சீதேவி வந்திருக்கா. தாயும் பிள்ளையும் சுகந்தானே?"

"பிள்ளை சுகம்."

அவன் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷக்காரன். வண்டியிலிருந்து ஓர் ஓலைக் கொட்டான் கருப்பட்டியை இறக்கி அவள் மடியில் வைத்தான். "ஊருக்குக் குடு. என் பேரைச் சொல்லிக் குடு."

வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால் கொடுக்காமல் இருக்க முடியாது. படியின் அடியால் தட்டி உடைத்தாள். எழுந்து, ஒவ்வொரு கடையாகப் போய், ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு வைத்தாள். வாங்கியவர்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள். வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கிறானே. பொன்னியும் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம்தான் ஓடைப்பக்கமாகச் சம்பந்தி ஒச்சம்மாள் வந்தாள். வேலாயியின் மாமியார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வேற்றூர்க்காரி. சத்தியத்தில் அவள் கை இல்லை. அவிழ்ந்த தலையோடு சந்தைக்குள் நுழைந்தாள். பெண்ணைப் பெற்றவள் கையில் கருப்பட்டியோடு நிற்கிறதைப் பார்த்தாள்.

"அடியே, எம் மருமகளை அங்கன போட்டுட்டு..." என்று மூச்சு இழுத்து, மாரில் அடிக்கக் கையைத் தூக்கி, வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் மூக்காயி கருப்பட்டியை வைத்தாள்.

"பேத்தி பிறந்திருக்கா சம்பந்தி" என்றாள் உரக்க. பிறகு காதோடு, "இது கரையட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் நான் தடுக்கலை" என்றாள்.

ஒச்சம்மாள் அவளைப் பார்த்தாள். சந்தையைப் பார்த்தாள். எல்லாரும் மெல்லாமல், விழுங்காமல், அடைத்த வாயோடு நின்றார்கள். தூக்கிய கை மெல்ல இறங்கியது. மொச்சைச் சாக்கில் போய் உட்கார்ந்தாள். கருப்பட்டி கரைந்தது. கரைந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். யாரோ மொச்சை கேட்டார்கள். அவளே அளந்து போட்டாள்.

பொழுது சாய்ந்தது. கடைசி வண்டி ஓடையில் இறங்கி ஏறியது. அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு எல்லாரும் மூக்காயி வீட்டு முன் கூடினார்கள். பெற்றவள் ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் அழ முடியும். மூக்காயி மகள் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். பிறகு சுற்றிலும் பார்த்து, "மொச்சையை யாராச்சும் மூடுனீகளா? பனி விழுமே" என்றாளாம்.

பொன்னிதான் எடுத்துக் கொடுத்தாள். முதல் வரி அவள் குரலில் எழுந்தது. ஒச்சம்மாள் சேர்ந்தாள், ஊர் சேர்ந்தது. மூக்காயி கடைசிவரை அழவில்லை. பிறகும் வெகுநாள் இருந்தாள். அவள் அழுது பார்த்தவர் இல்லை என்பார்கள். தவசிக்கண்ணுவுக்கு உண்மை தெரிந்ததா, தெரியாதா என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. அவன் வண்டி வருவது நிற்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் என் தாத்தாவைப் பெற்றவள்.

சந்தை இன்றும் நடக்கிறது. லாரி வருகிறது. எங்கள் ஆட்கள் கண்டிக்குப் போனதெல்லாம் பேச்சோடு போயிற்று. இப்போது கரந்தைவயலில் பிள்ளை பிறந்தால் இனிப்புக் கொடுப்பதில்லை. வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதலில் கஞ்சத்தனம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் ஊரில் சாவுவீட்டில்தான் இனிப்பு. வாசலில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி உடைத்து வைத்திருக்கும். உள்ளே போகிறவர்கள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது. அது கரைகிறவரை அழக் கூடாது.

சிலருக்குக் கரைந்த பிறகும் அழுகை வருவதில்லை. அவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.