சண்டியரின் பெல்ட்

— அப்போ மாத்திரை கேக்கலைங்கிறீங்களா டாக்டரம்மா?

— கேக்கலைண்ணே. முதல்ல உக்காருங்க. ஏன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறீங்க?

— இருப்புக் கொள்ளலைம்மா. நீங்க சொல்லுங்க.

— முப்பது நாளா புது மருந்து குடுத்தும் சண்டியரோட இதயம் இன்னும் மோசமாத்தான் போயிருக்கு. இதோ, நேத்து பூரா நீங்க அவனுக்குத் துடிப்பு அளக்குற பெல்ட் கட்டி எடுத்த பதிவு.

— சத்தியமா இருக்காது. ஒரு வாளித் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சான். காலைல என் தோளக் கடிச்சு வச்சான். சாகப்போற குதிரை கடிக்குமா?

— கடிக்கிறது வேற, இதயம் வேற. சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு நாப்பது துடிப்பே போதும், சரியா? இதுல எழுபத்தஞ்சு. அதுவும் தாறுமாறா. மத்தியானம் ரெண்டு இருபதுக்கு ஆறு செகண்டு துடிப்பே நின்னுருக்கு.

— ரெண்டு இருபதுக்கா?

— ஆமா. ஏன்?

— அது... நான் புல்லுக்கட்டு எறக்குன நேரம். லேசாக் கிறுகிறுன்னு வந்துச்சு.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு மட்டும் ஆசையாண்ணே? ஓடும்போது அவன் விழுந்தா மேல இருக்கிற ஆளும் போயிடுவான். இந்த மருந்தும் கேக்கலைன்னா ஊசி போட்டு முடிச்சுடறதுன்னு முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. அவன ஏத்த வண்டி வாசல்ல நிக்குது.

— திருப்பி அனுப்புங்க.

— அண்ணே...

— அனுப்புங்கங்கிறேன்ல! இன்னொரு தடவ பதிவு எடுங்க.

— எத்தன தடவ எடுக்க? மிஷின் பொய் சொல்லாது, சரியா?

— மிஷின் சொல்லல. நான்தான் சொல்லிட்டேன்.

— என்னண்ணே ஒளர்றீங்க?

— போன மாசம் அந்த பெல்ட்டப் பாத்ததுமே சண்டியர் வெடவெடன்னு நடுங்குனான். அந்தப் பயத்துல துடிப்பு எகிறிச்சு. நீங்க மோசம்னு எழுதுனீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. நம்ம ஒடம்புதான் கல்லுக்குண்டாட்டம் இருக்கே, ஒருநாள் அவனுக்காகத் துடிச்சா என்னன்னு...

— என்ன பண்ணீங்க?

— பெல்ட்ட நானே கட்டிக்கிட்டேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், சட்டைக்குள்ள.

— அப்போ இந்தப் பதிவு...

— என்னோடது. திட்டுங்க, வேலைய விட்டுத் தூக்குங்க, சத்தியமா ஏன்னு கேக்கமாட்டேன். சண்டியர் தப்பிச்சான்ல, அது போதும். அப்பாடா, இப்பத்தான் மூச்சே வருது! இருங்க, ஓடிப்போய் வண்டிக்காரனப் போகச் சொல்லிட்டு வந்துடறேன்.

— அண்ணே, ஓடாதீங்க! அப்படியே உக்காருங்க, அசையாதீங்க. வண்டி நிக்கட்டும். அதுல நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.