வாலில் எழுதின நம்பர்

— வாலைப் போட்டோ எடுங்கன்னா சக்கரத்தையே எடுத்துட்டு நிக்கறீங்களே! நம்பர் வால்லதான் எழுதியிருக்கு.

— இரு மகராணி, ஒரு நிமிஷம். பாதி ஆயுசை டயர் கடைல தொலைச்சவன் நான். இப்படி ஒரு டயரைப் பாத்ததே இல்ல. உன் தோள் உசரத்துக்கு நிக்குது பாரேன்!

— டயரைக் கட்டிக்கிட்டு அழவா வந்தோம்? புகார் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? எந்த விமானம்னு போட்டோவோட வாங்கன்னாங்க. வருஷத்துக்கு ஒரு நாள்தான் இந்த விமானப்படைக் கேட்டைத் திறந்து விடறாங்க. இன்னிக்கு விட்டா அவ்ளோதான்.

— எடுக்கறேன்டி. நீ முதல்ல கொஞ்சம் அண்ணாந்து பாரு.

— பாத்தேன், பாத்தேன்.

— எங்க பாத்தே? எனக்கு ஆர்டர் போட்டுட்டு இருக்கே. நல்லாப் பாரு.

— ...அம்மாடி! என்னங்க, போய்க்கிட்டே இருக்கு? நம்ம மாடிலேர்ந்து பாத்தா உள்ளங்கையால மறைச்சிடலாம். இது என்னடான்னா, ஒத்த இறக்கைக்கு அடியில எங்க ஆஸ்பத்திரி வார்டு கட்டில் மொத்தத்தையும் போடலாம் போல!

— தொட்டுப் பாரு.

— தொடலாமா? யாராவது ஏதாவது சொன்னா?

— தாராளமாத் தொடுங்கக்கா. இன்னிக்கு எல்லாரும் தொடற நாள்தான்.

— அய்யோ, சுடுதே! வெயில் அப்படியே உள்ள இறங்கியிருக்கு. ஏம்மா, நீ இங்க காவலுக்கு நிக்கற பொண்ணா?

— இல்லக்கா. இதை ஓட்டற பொண்ணு.

— எதை?

— இதைத்தான்.

— இவ்ளோ பெருசையா? நீயா? என்னங்க, கேட்டீங்களா? எங்க வார்டுல டிராலி தள்ளவே எனக்கு இடுப்பு ஒடியுது!

— அடேங்கப்பா! அம்மா, கும்பிடறேன்மா. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?

— சும்மா இருங்க. முதல்ல கேக்க வேண்டியதைக் கேக்கறேன். ஏம்மா, காலைல எங்க வீட்டு மாடியை உரசிக்கிட்டு வர்றது இதுதானா?

— காலைல வர்றது இதுதான்க்கா. ஏன், என்ன ஆச்சு?

— என்ன ஆச்சா? நான் ஆஸ்பத்திரில நர்ஸ். ராத்திரி டியூட்டி. வீட்டுக்கு வந்து வேலையை முடிச்சுட்டு அப்பதான் கண் அசருவேன், உறுமிக்கிட்டு வந்துடுவே. ஒரு தடவை முழிப்பு வந்துட்டா அப்புறம் நாள் பூரா பொட்டுத் தூக்கம் கிடையாது. போன வாரம் மருந்தை மாத்தி ஏத்தப் போயிட்டேன். கூட இருந்தவ கையைப் பிடிச்சுத் தடுத்தா. இன்னொரு தடவை அப்படி ஆனா யூனிஃபார்மைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுலயே உக்காந்துடுவேன்மா. சத்தியமாச் சொல்றேன்.

— எந்த வீடுக்கா உங்களுது?

— பெரிய தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. பச்சைக் கேட்.

— கேட்டெல்லாம் மேலேர்ந்து தெரியாதுக்கா. மாடில என்ன இருக்கும்?

— மாடில என்ன இருக்கும்? துணிதான். ஆஸ்பத்திரி யூனிஃபார்மை வீட்டுத் துணியோட சேத்துப் போடமாட்டேன். வந்ததும் தனியா அலசி, உடனே மாடில காயப் போட்டுட்டுத்தான் படுப்பேன்.

— வெள்ளையா ரெண்டு. தினமும்.

— ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?

— அக்கா, அது நீங்களா?

— என்னம்மா, கண்ணு கலங்குது உனக்கு?

— 'வெள்ளை மாடி'ன்னு பேரே வெச்சிருக்கோம்க்கா. பக்கத்து சீட்ல இருக்கறவர், "வெள்ளை மாடி வந்தாச்சு, இனி வீடுதான்"னு சொல்லுவார். கோடைல ஒரு நாள் புழுதிக் காத்து அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? இவ துணியை எடுக்காமத் தூங்கிட்டா. எல்லாம் மண்ணு. அன்னிக்கு இவளை வறுத்தெடுத்துட்டேன்மா.

— அன்னிக்கு விமானத்துல பின்னாடி நிறையப் பேர் இருந்தாங்கண்ணா. லீவுல வீட்டுக்குப் போற பட்டாளத்துப் பசங்க. பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முன்னாடி எனக்குக் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. கருவி ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. வேற ஊருக்குத் திரும்பலாம்னா எரிபொருள் பத்தாது. அப்ப கீழ புழுதி லேசா விலகுச்சு. வெள்ளையா ரெண்டு துணி, படபடன்னு. தொட்டிக்கு எந்தப் பக்கம் இருக்கேன்னு தெரிஞ்சுடுச்சு. காத்து எப்படி அடிக்குதுன்னும் தெரிஞ்சுடுச்சு. இறக்கிட்டேன்.

— அய்யய்யோ.

— என்ன மகராணி?

— அந்தச் சத்தத்துலதாங்க அன்னிக்கு எழுந்தேன். மாடிக்கு ஓடிப் போய், "நாசமாப் போ"ன்னு கத்தினேன். இந்தப் பொண்ணைப் பாத்து!

— எனக்குக் கேக்கலைக்கா. இஞ்சின் சத்தம்.

— சிரிக்காதம்மா. வாய் கூசாமச் சபிச்சிருக்கேனே!

— நீங்க நம்பரை எடுங்கக்கா. நான் மறைக்கறேன்ல, தள்ளி நிக்கறேன். உங்க புகார் நியாயம்தான். மருந்து குடுக்கற கைக்குத் தூக்கம் வேணும். நானே மேல சொல்றேன். ஊரைச் சுத்தி அந்தப் பக்கமா இறங்கச் சொன்னா இறங்கிட்டுப் போறோம்.

— அந்தப் பக்கமா வந்தா எங்க மாடி தெரியுமா?

— தெரியாதுக்கா.

— எடுத்தாச்சு! வாலு முழுசா விழுந்திருக்கு, நம்பர் பளிச்சுன்னு இருக்கு. நேரா புகார் ஆபீஸுக்கே போயிடலாமா?

— அதை அழிங்க.

— என்னடி சொல்றே? இதுக்குத்தானே வந்தோம்? உன் தூக்கம்?

— அழிங்கன்னா அழிங்க. வீட்டுக்குப் போனதும் மாடிக் கயித்தை இன்னும் உசரமாக் கட்டுங்க. இவ பத்திரமா இறங்கின சத்தம் கேட்டப்புறம்தான் இனிமே நான் படுப்பேன்.